தீப்பெட்டி விற்றவர் குடும்பம் போட்ட ரயில் பாதை

தாராவியில் வாழும் நம் தமிழ் மக்களுக்குத் தோல் தொழில் புதிதல்ல. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம் முன்னோர்களில் பலர் இங்கே தோல் பதனிட்டுத்தான் பிழைத்தார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கிய கால்களால்தான் அந்தச் சதுப்பு நிலம் ஊரானது. ஆனால் அதே தாராவியில் பட்டாளத்துக்குப் பூட்ஸ் தைத்து அனுப்பிய பெரிய தொழிற்சாலை ஒன்று இருந்தது என்பது இன்றைய இளைஞர்களில் பலருக்குத் தெரியாது. அதன் முதலாளி சிறு வயதில் பம்பாய் வீதிகளில் தீப்பெட்டி விற்றவர் என்பதும் தெரியாது.

அவர்தான் சர் ஆதம்ஜி பீர்பாய்.

நான் ரயில்வேயில் குமாஸ்தா. இவர் பெயரை எனக்கு அறிமுகம் செய்தது தாராவி அல்ல. நேரல் ரயில் நிலையத்திலிருந்து மாதேரான் மலைக்கு ஏறும் சின்ன ரயில்தான். சர்க்கார் போட்ட பாதை என்றே நானும் பல காலம் நினைத்திருந்தேன். ஒரு தோல், துணி வியாபாரியின் குடும்பம் தன் கைப்பணத்தைப் போட்டுக் கட்டியது என்று ஒரு மூத்த ஊழியர் சொன்னபோது நம்பவில்லை. பிறகு விசாரித்துப் பார்த்தேன். உண்மைதான்.

தெருவில் தொடங்கிய வியாபாரம்

ஆதம்ஜி 1840-களின் நடுவில் கத்தியவாரில், கோண்டல் சமஸ்தானத்தைச் சேர்ந்த தோராஜியில் பிறந்தவர். தாவூதி போரா வகுப்பினர். வியாபாரமே அவர்கள் குலத்தொழில். 'போரா' என்ற பெயரே குஜராத்தியில் வணிகம் செய்வதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ஆனால் ஆதம்ஜிக்குக் கிடைத்தது பெயர் மட்டும்தான், முதல் இல்லை. 13 வயதில் பம்பாய்த் தெருக்களில் தீப்பெட்டி விற்றார்.

இன்று தீப்பெட்டி என்றால் நமக்குச் சிவகாசி நினைவு வரும். அந்தப் பையன் கூவி விற்ற நாளில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்க இன்னும் 60 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. தீப்பெட்டி கப்பலில் வந்து இறங்கும் சீமைச் சரக்கு. விலை சிறிது, லாபம் அதனினும் சிறிது. ஆனால் எல்லா வீட்டுக்கும் வேண்டிய பொருள். சில்லறைக் காசில் கணக்குப் பழகியவர் அவர்.

அந்தப் பம்பாய் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த பம்பாய். 1853-ல் தாணாவுக்கு ரயில் ஓடியது. அதற்கு அடுத்த ஆண்டே கவாஸ்ஜி தாவர் பஞ்சாலைக் கம்பெனி தொடங்கினார். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டபோது பஞ்சு விலை விண்ணில் ஏறியது. 1865-ல் போர் முடிந்ததும் சரிந்தது. ஒரே நாளில் லட்சாதிபதி ஆனவர்களும் உண்டு, பிச்சைக்காரர் ஆனவர்களும் உண்டு. ஆதம்ஜி தேடிப் பிடித்த வாடிக்கையாளர் இந்த ஏற்ற இறக்கத்துக்கு அவ்வளவாக அசையாதவர்: பட்டாளம்.

ஒரே வாடிக்கையாளர், இரண்டு தொழில்

இங்கேதான் அவருடைய மூளையைப் பார்க்க வேண்டும். சிப்பாய்க்கு என்னென்ன வேண்டும்? தங்கக் கித்தான் கூடாரம் வேண்டும். உடுத்தக் காக்கி வேண்டும். காலுக்கு பூட்ஸ், இடுப்புக்குத் தோல் வார், குதிரைக்குச் சேணம் வேண்டும். முன்னவை பஞ்சிலிருந்து வருகின்றன; பின்னவை தோலிலிருந்து. ஆதம்ஜி பஞ்சாலையும் வைத்தார், தோல் தொழிற்சாலையும் வைத்தார். பார்ப்பவர்களுக்குச் சம்பந்தமில்லாத இரண்டு தொழில். அவருக்கு இரண்டும் ஒரே பட்டாளக் கிடங்குக்குப் போகும் சரக்கு. சுமார் 15,000 பேர் அவரிடம் வேலை பார்த்ததாகச் சொல்வார்கள்.

தாராவியில் இருந்த அவருடைய வெஸ்டர்ன் இந்தியா டானரி அந்நாளில் நாட்டிலேயே பெரியது என்று பெயர் பெற்றிருந்தது. அந்த இடத்துக்கும் காரணம் உண்டு. பாந்த்ராவில் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சிக் கூடம் இருந்தது. அங்கே உரித்த தோல் கெட்டுப்போகுமுன் வந்து சேரும் தூரத்தில் தாராவி. பக்கத்திலேயே மாகிம் கழி. நாற்றத்துக்கு முகம் சுளிக்க அருகில் பணக்காரர் வீடு கிடையாது. அந்த இறைச்சிக்கூடம் 1971-ல் தேவ்னாருக்குப் போன பிறகு தாராவித் தோல் தொழில் தளர்ந்தது என்பதிலிருந்தே இந்தக் கணக்கு எவ்வளவு சரி என்று தெரியும்.

பச்சைத் தோலுக்கு முதலில் உப்பு. பிறகு சுண்ணாம்புத் தொட்டி. மயிர் உதிர்ந்ததும் சதையைச் சீவிக் கழுவ வேண்டும். அதன் பிறகு பட்டைத் தண்ணீரில் நாள் கணக்கில் ஊற வேண்டும். நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுச் செய்வார்கள். அவசரப்பட்டால் தோல் விறைத்து வெடிக்கும். அந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு சிப்பாய் பத்து மைல் நடக்க முடியாது. ஒப்பந்தமும் மறுமுறை கிடைக்காது. அதற்கு நின்று உழைத்தவர்களின் கைகள் சுண்ணாம்பில் வெந்தன. முதலாளிகளின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. அந்தக் கைகளுக்குரியவர்களின் பெயர் இல்லை.

1899-ல் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் தொடங்கியது. 1902 வரை நடந்தது. பிரிட்டிஷ் பட்டாளத்துக்குக் கூடாரமும் பூட்ஸும் மூட்டை மூட்டையாகத் தேவைப்பட்டன. ஆதம்ஜியின் கிடங்குகளிலிருந்து சரக்கு கப்பல் ஏறியது. யாரோ நடத்திய சண்டையில் நம் ஊர்த் தோலுக்கு விலை வந்தது.

பணம் சேர்ந்ததும் பதவிகள் வந்தன. பம்பாயின் ஷெரீப் ஆனார். தர்மங்களும் செய்தார். சர்னி ரோடு ரயில் நிலையத்துக்கு அருகில் அவர் கட்டிய சானடோரியம் பழைய பம்பாய்வாசிகளுக்குத் தெரியும். காற்று மாற்றத்துக்கு வரும் குடும்பங்கள் தங்கிப் போகும் விடுதியைத்தான் இங்கே சானடோரியம் என்பார்கள்.

மலை மேல் ஏறிய மகன்

மாதேரானைப் பற்றி ஒரு கதை உண்டு. 1850-ல் தாணா கலெக்டர் ஹ்யூ மாலெட் கண்டெடுத்த மலை அது. வெள்ளைக்காரர்கள் கோடைக்கு அங்கே போவார்கள். நேரல் வரை ரயில். அதற்கு மேல் குதிரை, பல்லக்கு அல்லது நடை. ஒரு நாள் ஆதம்ஜிக்கு நேரலில் ஏறிப்போக வாகனம் எதுவும் கிடைக்கவில்லையாம். அங்கேயே ரயில் விடுவது என்று தீர்மானித்தாராம். கதை கேட்க நன்றாக இருக்கிறது. ரயில்வே ஊழியன் என்ற முறையில் எனக்குச் சந்தேகம். கோபத்தில் பாதை போட முடியாது; அளவெடுக்கவே மாதங்கள் ஆகும்.

பாதையைப் போட்டது அவர் மகன் அப்துல் ஹுசைன். பணம் தகப்பனாருடையது. மொத்தச் செலவு 16 லட்சம் ரூபாய். அந்நாளைய 16 லட்சம் என்பதை வாசகர்கள் மறக்கக் கூடாது. யோசனை 1900-ல் உருவாகி, 1904-ல் வேலை தொடங்கி, 1907 மார்ச் 22-ல் ரயில் ஓடியது. பார்சி லைட் ரயில்வேயில் பெயர் வாங்கிய எவரார்ட் கால்த்ராப் ஆலோசகர்.

இரண்டடி அகலப் பாதை. நீளம் சுமார் 21 கிலோமீட்டர். 20 அடிக்கு ஒரு அடி ஏற்றம். நம் நீலகிரி ரயில் இதைவிடச் செங்குத்தாக ஏறுகிறது. ஆனால் அதற்குப் பல்சக்கரம் உண்டு. மாதேரானில் பல்சக்கரம் கிடையாது. தண்டவாளத்தையும் சக்கரத்தையும் மட்டும் நம்பி, குதிரை லாடம் போல வளைந்து வளைந்து ஏறுகிறது. அந்த வளைவுகளில் திரும்புவதற்காகவே அச்சு அசைந்து கொடுக்கும் நான்கு என்ஜின்களை ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் அண்ட் கோப்பல் கம்பெனி செய்து கொடுத்தது. அவற்றில் ஒன்று இப்போது இங்கிலாந்தில் இருக்கிறது.

சென்ற குளிர்காலத்தில் குடும்பத்துடன் போனேன். குழந்தைகள் குரங்குகளைப் பார்த்தார்கள். நான் வரவு செலவைப் பார்த்தேன். கீழே நேரல், மேலே மாதேரான். நடுவில் சொல்லிக்கொள்ள ஊர் இல்லை. கோடைக்கும் விடுமுறைக்கும்தான் கூட்டம். மழைக்காலத்தில் பாதையை மூடிவிட வேண்டும். 1980-கள் வரை அப்படித்தான் நடந்தது. வருடத்தில் நான்கு மாதம் வருமானமே இல்லாத ரயிலுக்கு 16 லட்சம் போடலாம் என்று எந்தக் கணக்குக் குமாஸ்தாவும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டான். தீப்பெட்டியில் பைசா பைசாவாக எண்ணிப் பழகிய பெரியவர் இதற்கு எப்படிச் சம்மதித்தார் என்பது எனக்குப் புரியவில்லை. மகன் கேட்டான் என்பதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை.

அந்த 1907 அவருடைய உச்சம். ரயில் ஓடியது. சர் பட்டம் கிடைத்தது. டிசம்பரில் கராச்சியில் கூடிய அகில இந்திய முஸ்லிம் லீகின் முதல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார்.

1913 ஆகஸ்டில் காலமானார். ஓராண்டுக்குள் முதல் உலக யுத்தம் தொடங்கியது. பூட்ஸும் கூடாரமும் விற்றவருக்கு அதைவிடப் பெரிய சந்தை ஏது? அதைப் பார்க்க அவர் இல்லை. அவருக்குப் பிறகு குடும்பம் சமூகத் தலைமையுடன் மோதியது. சந்தாபாய் சமாதியில் இருந்த காணிக்கை உண்டியலின் கணக்கைக் கேட்டு, மகன்கள் அட்வகேட் ஜெனரல் மூலம் வழக்குத் தொடர்ந்தார்கள். அந்தப் பணத்துக்குச் சமயத் தலைவர் தர்மகர்த்தா, எனவே கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்று 1921-ல் பம்பாய் ஹைகோர்ட் தீர்ப்புக் கூறியது. பல கோர்ட்டுகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் வழக்கு அது.

பஞ்சாலையும் தோல் தொழிற்சாலையும் அந்தக் குடும்பத்தின் கையில் நிலைக்கவில்லை. மாதேரான் பாதை, சுதந்திரத்துக்குப் பிறகு மத்திய ரயில்வேயின் பொறுப்பாயிற்று. தாராவியில் இன்று தோல் பைகளும் பெல்ட்டுகளும் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே பீர்பாய் பெயரைக் கேட்டேன். விசாரித்த நான்கு கடைகளில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ரயில் மட்டும் விடாப்பிடியாக நிற்கிறது. 2005 ஜூலை வெள்ளத்தில் பாதை அடித்துக்கொண்டு போயிற்று. 2007-ல் திரும்ப ஓடியது. 2019 மழையில் மீண்டும் சேதம். மூன்று ஆண்டுகள் கழித்து, 2022 அக்டோபர் 22-ல் நேரலிலிருந்து வண்டி மறுபடி மலையேறியது. இப்போதும் மழை வலுத்தால் நேரலிலிருந்து புறப்படும் வண்டி நிறுத்தப்படுகிறது. அமன் லாட்ஜுக்கும் மாதேரானுக்கும் இடையிலான சிறு தூர வண்டி மட்டும் போய் வருகிறது. போக விரும்பும் அன்பர்கள் அக்டோபருக்கு மேல் போவது நல்லது.