நாடகத் தமிழின் ஆசான்

சங்கரதாச சுவாமிகள் 1867ஆம் ஆண்டு தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். இளமையில் உப்பளத்தில் கணக்கராகப் பணியாற்றினார். தம் 24ஆம் வயதில் அவ்வேலையைத் துறந்து நாடகத் துறையில் நுழைந்தார்.

அக்காலத்தில் நடிகர் பலர் மேடையில் தாம் விரும்பியவாறே பேசினர். அதனால் கதை சிதைந்தது. சுவாமிகள் பாடல்களையும் உரையாடலையும் முறையாக எழுதி, நாடகத்திற்கு வரம்பு வகுத்தார். ஒரே குழுவில் நிலைத்திராமல், பல குழுக்களுக்கு ஆசிரியராக விளங்கினார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலாக 40க்கும் மேற்பட்ட நாடகங்களை இயற்றினார். அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர்.

1918ஆம் ஆண்டு மதுரையில் சிறுவர்களைக் கொண்டு நாடக சபை ஒன்றைத் தொடங்கினார். பிற்காலத்தில் புகழ்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே அவரிடம் பயின்றவர்களே. சில ஆண்டுகளில் வாத நோய் அவரைத் தாக்கியது. பாடம் சொல்லித்தந்த நா பேச்சிழந்தது. எனினும், அவருடைய பாடல்களும் உரையாடல்களும் மாணவர்களின் நெஞ்சில் பதிந்திருந்தன. ஆதலால் நாடகங்கள் நிற்கவில்லை.

1922ஆம் ஆண்டு புதுச்சேரியில் சுவாமிகள் மறைந்தார். தமிழகத்தின் தென்மாவட்டக் கோவில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் இன்றும் விடிய விடிய நடைபெறுகிறது.