சொல்லைப் படைத்துச் சட்டமாக்கியவர்: ரபேல் லெம்கின்

இனப்படுகொலை என்னும் சொல்லை இன்று நாளிதழ்களில் படிக்கிறோம், மேடைகளில் கேட்கிறோம், நம் கவிதைகளிலும் எழுதுகிறோம். இச்சொல்லுக்கு நிகராக உலகெங்கும் வழங்கும் ஜெனோசைடு என்ற ஆங்கிலச் சொல் 1944ஆம் ஆண்டுக்கு முன் எந்த அகராதியிலும் இருந்ததில்லை. அதனை உருவாக்கியவர் போலந்து நாட்டு வழக்கறிஞர் ரபேல் லெம்கின். சொல்லையே தொழிலாகக் கொண்ட நாம் அறிந்திருக்க வேண்டிய வாழ்க்கை அவருடையது.

1900ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், வோல்கோவிஸ்க் என்ற ஊருக்கு அருகில் ஒரு பண்ணை வீட்டில், யூதக் குடும்பத்தில் லெம்கின் பிறந்தார். அன்று ரஷ்யப் பேரரசைச் சேர்ந்திருந்த அப்பகுதி பின்னர் போலந்துக்கு உரியதாயிற்று. இன்று பெலாரஸ் நாட்டில் உள்ளது. தாயார் பெல்லா பன்மொழி அறிந்தவர். மைந்தனுக்கு வீட்டிலேயே கல்வி புகட்டியவர் அவரே. மொழிகளில் தீராத வேட்கை கொண்டிருந்த லெம்கின், லுவோவ் பல்கலைக்கழகத்தில் மொழியியல் கற்கத் தொடங்கிச் சட்டத்துக்கு மாறினார்.

அம்மாற்றத்துக்குக் காரணமாக அவர் நினைவுகூர்ந்தது 1921இல் பெர்லினில் நடந்த ஒரு நிகழ்ச்சியாகும். ஆர்மீனிய மக்களைக் கொன்றொழித்ததில் முதன்மைப் பொறுப்புடைய துருக்கியின் முன்னாள் அமைச்சர் தலாத் பாஷாவை, தெலிரியன் என்னும் ஆர்மீனிய இளைஞர் நடுத்தெருவில் சுட்டுக் கொன்றார். ஒருவரைக் கொன்ற இளைஞரை விசாரிக்க நீதிமன்றம் இருந்தது. இலட்சக்கணக்கானோரின் சாவுக்குப் பொறுப்பானவரை விசாரிக்கப் பன்னாட்டுச் சட்டம் எதுவும் இல்லை. ஓர் அரசு தன் குடிமக்களை என்ன செய்யினும் அஃது அந்நாட்டின் உள்விவகாரம் என்பதே அன்றைய கொள்கை. அக்கொள்கையை மாற்றுவதையே லெம்கின் தம் வாழ்நாட்பணியாகக் கொண்டார்.

1933இல், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த சில மாதங்களில், மாட்ரிட் நகரில் கூடிய பன்னாட்டுச் சட்ட மாநாட்டுக்கு அவர் ஒரு கட்டுரை அனுப்பினார். ஓர் இனத்தாரை அழிப்பதையும் அவர்தம் கலைச்செல்வங்களைச் சிதைப்பதையும் உலகக் குற்றங்களாக அறிவிக்க வேண்டினார். மாநாடு அதனை ஏற்கவில்லை. 1939 செப்டம்பரில் ஜெர்மானியப் படைகள் போலந்துக்குள் புகுந்தன. வார்சாவிலிருந்து தப்பிய லெம்கின் பெற்றோரைக் கண்டு உடன்வருமாறு வேண்டினார். அவர்கள் வீட்டைவிட்டு வர இசையவில்லை. அதுவே கடைசிச் சந்திப்பு.

லித்துவேனியா வழியாக ஸ்வீடன் சேர்ந்த அவர், கைப்பற்றிய நாடுகளில் ஜெர்மானியர் பிறப்பித்த ஆணைகளைத் திரட்டினார். உணவுப் பங்கீடு, திருமணத் தடை, பள்ளி மூடல் எனத் தனித்தனியே காண்போர்க்கு அவை நிர்வாக உத்தரவுகளே. ஒருசேர வைத்துப் படித்த லெம்கினுக்கோ ஒரு மக்களினத்தைப் படிப்படியாக இல்லாமற் செய்யும் திட்டம் புலப்பட்டது. 1941இல் அமெரிக்காவை அடைந்து அதிகாரிகளிடமும் தலைவர்களிடமும் முறையிட்டார். அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கும் விண்ணப்பம் எழுதினார். பொறுமை காக்குமாறு விடை வந்தது. கொலைக்களத்தில் நிற்போர்க்குப் பொறுமையால் என்ன பயன் என்று அவர் உள்ளம் நொந்தார்.

தலைவர்கள் கண்டும் காணாதிருக்க இடந்தராத ஒரு பெயர் அக்குற்றத்துக்கு வேண்டும் எனக் கருதினார். இனம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையும், கொல்லுதல் எனப் பொருள்படும் இலத்தீன் வேரையும் இணைத்துப் புதுச்சொல் படைத்தார். 1944இல் வெளிவந்த அவரது பெருநூலில் அச்சொல் உலகறிய இடம்பெற்றது. நியூரம்பர்க் நீதிமன்றத்தின் குற்றப்பத்திரிகையில் அச்சொல் ஏறியது. 1946இல் வந்த தீர்ப்பில் இடம்பெறவில்லை. பெற்றோர் உள்ளிட்ட 49 உறவினரை இழந்ததை அவர் அறிந்ததும் அக்காலத்தில்தான்.

துயரில் அமர்ந்துவிடாமல் ஐ.நா. மன்றத்தின் வாயில்களில் அவர் நிற்கலானார். பதவியோ படையோ இல்லாத அத்தனிமனிதர், தூதர்களை நடைவழிகளில் மறித்துப் பேசினார். 1946இல் கியூபா, பனாமா நாடுகளுடன் இந்தியாவும் முன்மொழிந்த தீர்மானம், இனப்படுகொலையை உலகச் சட்டப்படி குற்றமென அறிவித்தது. 1948 டிசம்பர் 9 அன்று பாரிஸில் பொதுச்சபை இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்தத்தை எதிர்ப்பின்றி ஏற்றது. எனினும் மொழி, நூலகம், வழிபாட்டிடம் ஆகியவற்றை அழிப்பதையும் குற்றமாக்கும் பகுதி வாக்கெடுப்பில் நீக்கப்பட்டிருந்தது. பண்பாடு அழிந்தபின் மக்கள் உயிர்வாழினும் இனம் வாழ்வதில்லை என்று நம்பிய லெம்கினுக்கு அஃது ஆறாத இழப்பு.

எஞ்சிய ஆண்டுகளையும் ஒவ்வோர் அரசும் ஒப்பந்தத்தை உறுதிசெய்ய வேண்டுமென மடல் எழுதியே கழித்தார். 1951இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. வறுமையும் நோயும் சூழ்ந்த நிலையில், 1959 ஆகஸ்ட் 28 அன்று நியூயார்க்கில் மாரடைப்பால் மறைந்தார். அதற்கு முந்தைய நாளில்தான் இந்தியா ஒப்பந்தத்தை உறுதிசெய்தது. அவர் அடைக்கலம் புகுந்த அமெரிக்காவோ 1988வரை காலந்தாழ்த்தியது. அதற்காக செனட்டர் பிராக்ஸ்மயர் ஆட்சிமன்றத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட முறை உரையாற்ற வேண்டியிருந்தது.

1994இல் ருவாண்டாவில் நூறு நாட்களில் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் கொல்லப்பட்டனர். கொலைகள் தொடங்கிய இரு வாரங்களில் பாதுகாப்புச் சபை அங்கிருந்த அமைதிப்படையை 270 பேராகக் குறைக்க முடிவெடுத்தது. அமெரிக்க அதிகாரிகள் லெம்கினின் சொல்லை உச்சரிக்கவே தயங்கினர். உச்சரித்தால் தடுக்கும் கடமை வந்து சேருமென அஞ்சினர். அவர் மறைந்து 39 ஆண்டுகளுக்குப் பின், 1998 செப்டம்பரில், ருவாண்டாவின் அகயேசு என்பவரே இக்குற்றத்துக்காகப் பன்னாட்டு நீதிமன்றத்தால் முதன்முதலில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார்.

அதிகாரத்தில் இருப்போர் ஒரு சொல்லைக் கண்டு அஞ்சுகின்றனர் எனில், அச்சொல்லுக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்பதே பொருள். அந்த உயிரைக் காப்பதற்கு லெம்கின் பதினைந்து ஆண்டுகள் அதன் பின்னால் நடந்தார். ஒரு சொல்லை எழுதி முடித்ததும் நம் கடமை முடிந்ததென எண்ணும் வேளையில், அவரது தளராத நடையை நாம் நினைவிற் கொள்வோமாக.