பேரூர்ச் சாந்தலிங்க அடிகளும் கொலை மறுத்தலும்

கொங்கு நாட்டிற் சைவம் பேசுவார் யாவரும் பேரூரை அறிவர். கோயம்புத்தூருக்கு மேற்கே, காஞ்சிமாநதி எனப் புராணம் போற்றும் நொய்யலின் கரையில், பட்டிப்பெருமான் எழுந்தருளியுள்ள மேலைச் சிதம்பரம் அஃது. காமதேனுவின் கன்றாகிய பட்டி புற்றைக் காலாற் சிதைத்தபொழுது அதன் குளம்பு பெருமான் திருமுடியிற் பதிந்ததென்பதும், அச்சுவட்டினை அவர் தமக்கு அணியெனக் கொண்டருளினார் என்பதும் அத்தலத்து வரலாறு. கன்றின் காலடியைத் தலைமேற்கொண்ட அப்பெருமானது தலத்தையே தமக்கு உறைவிடமாகக் கொண்டவர், கொலை மறுத்தல் என்னும் நூலை அருளிய சாந்தலிங்க அடிகள். புலாலுணவை விலக்குதற்கு அவர் காட்டிய காரணம் யாது என்பதனை அவர்தம் வாழ்வோடு வைத்து ஈண்டு ஆராயப் புகுகின்றேம்.

அடிகள் 17-ஆம் நூற்றாண்டினர். துறையூர்ச் சிவப்பிரகாச சுவாமிகளை ஞானாசிரியராகப் பெற்று வீரசைவ நெறியில் நின்றவர். பிரபுலிங்க லீலையும் நன்னெறியும் இயற்றிய துறைமங்கலம் சிவப்பிரகாசர் வேறொருவர். பெயரொருமையால் இருவரையும் ஒருவரெனக் கொண்டு இடர்ப்படுவார் இன்றும் உளர். துறைமங்கலத்தார் தம் தங்கையார் ஞானாம்பிகையை அடிகட்கு மணஞ் செய்வித்தார். ஆசிரியரும் சிவப்பிரகாசர், மைத்துனரும் சிவப்பிரகாசர் என அமைந்தது அடிகள் வாழ்வு. மணம் புரிந்தாராயினும் துறவே அவர் நெஞ்சினை ஆட்கொண்டது. கொங்கு நாடு போந்து பேரூரில் திருமடம் நிறுவி, தம்மை அடைந்தார்க்கு ஞானப்பொருளை உணர்த்தி வாழ்ந்தார்.

அங்ஙனம் அடைந்தாருள் இருவர் தலையாயவர். ஒருவர் கன்னட நாட்டில் அரசாட்சி துறந்து வந்த குமாரதேவர். மகாராசா துறவு முதலிய நூல்களைச் செய்து விருத்தாசலத்தில் மடம் கண்டவர். மற்றவர் திருப்போரூர்ச் சிதம்பர சுவாமிகள். இவர் முதலிற் பேரூரை அடைந்து, பின் அடிகளால் குமாரதேவர்பால் ஆற்றுப்படுத்தப்பெற்று, அதன்பின் திருப்போரூர் முருகன் திருக்கோயிலைத் திருப்பணி செய்து சந்நிதிமுறை பாடியருளினார். சாந்தலிங்க அடிகளின் வைராக்கிய சதகம், வைராக்கிய தீபம், கொலை மறுத்தல், அவிரோத உந்தியார் என்னும் நான்கனுக்கும் உரை கண்டவரும் இவரே. அவ்வுரை இல்லையேல் அந்நூல்களின் நுண்பொருள் எம்மனோர்க்கு எட்டுதல் அரிது.

இந்நூல்களின் பெயர்களைச் சிறிது ஊன்றி நோக்குதல் வேண்டும். உலகப்பற்றை உவர்த்து ஒதுக்குதற்கு இரு நூல் செய்த அடிகள், உணவின்கண் உள்ள பற்றை ஒதுக்குதலும் அவ்வைராக்கியத்துள் அடங்கும் என விட்டிருக்கலாம். நாவின் சுவையை அடக்குக, உடம்பைத் தூய்தாக வைத்துக் கொள்க, தாமதகுணத்தை வளர்க்கும் உணவை நீக்குக என்பன துறவி ஒருவன் தன்பொருட்டுக் கொள்ளுங் காரணங்கள். அவற்றிற்கு வைராக்கிய நூலே இடம். அடிகளோ அதற்கெனத் தனிநூல் செய்தார். அதற்குப் புலால் மறுத்தல் எனப் பெயரிடாது கொலை மறுத்தல் எனப் பெயரிட்டார். திருவள்ளுவனார் புலான்மறுத்தலை 26-ஆம் அதிகாரமாகவும் கொல்லாமையை 33-ஆம் அதிகாரமாகவும் வைத்தனர். முன்னதிலுள்ள மறுத்தலையும் பின்னதிலுள்ள கொலையையும் இயைத்தாற் போன்றது அடிகள் நூற்பெயர். உண்பவன் கை கொல்லாவிடினும் அவன் மறுக்க வேண்டுவது கொலையையே என்பது அப்பெயரால் விளங்குகின்றது. வள்ளுவனார் புலான்மறுத்தலை அருளுடைமையை அடுத்து வைத்த முறையும் இதற்கு அரண் செய்யும். கலத்தில் இட்ட ஊன் தூய்தா அன்றா என்பது பின்னர் எழும் வினா; அஃது ஓருயிரின் உடம்பாயிருந்தது என்பதே முன்னது.

இக்காரணம் சித்தாந்தத்திற்கு எத்துணை இயைபுடையது என்பதனை மடத்தாரும் புலவரும் எண்ணிப் பார்த்தல் நன்று. ஆணவ இருளிற் கிடக்கும் உயிர்க்கு மாயையினின்றும் உடம்பைத் தோற்றுவித்து, விடியுமளவும் உதவும் விளக்கெனக் கொடுப்பவன் இறைவன். அவ்வுடம்பைக் கொண்டே உயிர் தன் வினையை நுகர்ந்து கழிக்கின்றது. ஆட்டிற்கும் கோழிக்கும் கொடுக்கப்பெற்ற உடம்பும் அத்தகைய விளக்கே. அதனை இடையில் அவிப்பவன் தனதல்லாத பொருளை அழிக்கின்றான். கொடுத்தவனது ஐந்தொழிலிற் குறுக்கிடுகின்றான். அடிகள் வீரசைவர், யாம் சித்தாந்திகள் என வேறுபாடு கூறி அவர் நூலை ஒதுக்குவார்க்கு, அவிரோத உந்தியார் என அவர் தம் நூல் ஒன்றற்கு இட்ட பெயரே விடையாகும்.

கொங்கு நாட்டிற்குக் கொல்லாமை புதிதன்று. விசயமங்கலத்திற் சமணர் கோயில் இன்றும் உளது. நன்னூல் செய்த பவணந்தியாரும் பெருங்கதை செய்த கொங்குவேளிரும் அச்சமயத்தாரென்ப. ஆயினும் கொடுத்தவன் ஒருவன் உளன் என்பது சமணர்க்கு உடன்பாடன்று. அவர்க்குக் கொலை வினைக்கட்டு ஒன்றே. சைவர்க்கோ அது பதியின் கொடையைப் பறித்தலுமாம்.

கண்ணப்பர் ஊன் படைத்ததைப் பெருமான் ஏற்றனரே, பின் ஊனுண்டலால் வரும் இழுக்கென்னை எனக் கடாவுவார் உளர். அவர் அவ்வரலாற்றிற் சிவகோசரியாரை மறந்தனர். சிவகோசரியார் வருந்தியது தூய இடம் ஊனால் இழுக்குற்றதே என்று. பெருமான் அவரை மறைந்திருந்து காணச் செய்து, புறத்தூய்மை கொண்டு அன்பை அளத்தல் ஆகாதெனக் காட்டினார். நாளை முதல் நீயும் ஊன் கொணர்க என அவர்க்குப் பணித்திலர். ஆதலின் அவ்வரலாற்றால் திருத்தம்பெறுவது, தூய்மை பற்றிப் புலாலை வெறுத்து அதனால் அடியாரையும் இகழும் உள்ளமே. அருள் பற்றிப் புலாலை மறுப்பாரை அது தொடாது.

மரஞ்செடிகட்கும் உயிருண்டே என்பது மற்றொரு தடை. தொல்காப்பியனார் புல்லும் மரமும் ஓரறிவின என வகுத்தமையின் அதனைச் சைவர் மறுத்திலர். வடலூர் வள்ளலார் (1823–1874) சீவகாருணிய ஒழுக்கத்துள் இத்தடையைத் தாமே எழுப்பி, வித்தும் காயும் கனியும் கொள்ளுதல் நகமும் மயிரும் களைதல் போல்வதேயன்றி உயிர்க்குத் துன்பஞ் செய்வதன்று என விடுத்தார். ஆண்டும் அளவுகோல் உயிர்படுந் துன்பமே என்பது நோக்கத்தக்கது. 1867-இல் அவர் தருமச்சாலை தொடங்கியதும் அவ்வொரு காரணத்தின் மறுபக்கமே. கொல்லாமை கூறி, பசித்தாரைப் பாராதிருத்தல் அவர்க்கு ஒவ்வாதாயிற்று.

இனி, இக்காலத்து நிலையைக் கூறுதும். சைவம் என்னும் சொல் வடுவின்றி வாழும் ஒரு சமயத்தின் பெயராயிருந்து, உண்டிச்சாலைப் பலகையில் ஓர் உணவின் பெயராய்ச் சுருங்கிவிட்டது. அதனினும் வருந்தத்தக்கது, அது பிறப்பின் அடையாளமாகக் கொள்ளப்படுதல். பிறந்த குடியிற் புலால் இல்லாமையின் உண்ணாதவன் ஒன்றையும் மறுத்தவனல்லன். அவன் முன் அஃது என்றும் வந்திலது. கொங்கு நாட்டு உழவர் குடிகளுட் பல புலாலுண்பன. அக்குடியிற் பிறந்து, தைப்பூசத்திற்குப் பழனிக்குக் காவடி எடுக்கத் துணிந்த நாள்முதல் அதனை விடுபவனும், சிவதீக்கை பெற்ற நாளோடு அறவே ஒழிப்பவனும் மறுத்தவர். அவரைப் பிறப்புப் பற்றித் தாழ நோக்கும் வழக்கம் எம்மனோரிடை உண்டு. அது சாந்தலிங்கர் நெறிக்கு மாறு. இலிங்கதாரணம் பெற்றார் எக்குடியினராயினும் புலாலொழித்தல் வீரசைவத்தின் கட்டளை. ஆண்டுக் காரணமாவது ஏற்ற விரதமே, பிறந்த குடியன்று.

சட்டத்தாலும் இது கைகூடிற்றில்லை. திருக்கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் சட்டம் 1950-இல் இயற்றப்பட்டு நெடுநாள் ஏட்டளவில் இருந்தது. 2003-இல் அதனைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த அரசு ஆணையிட்டது. எதிர்ப்பு மிகவே, 2004-இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. கிடாய் வெட்டுவோன் கையைக் காவலர் பிடித்தலும், அவனே கத்தியைக் கீழே வைத்தலும் ஒன்றாகா. குமாரதேவரைக் கருதுக. வேட்டமும் போரும் அரசர்க்கு உரியவென உலகம் உடன்பட்டவை. அவரைத் தடுக்கவல்ல சட்டமோ காவலரோ அவர்க்குமேல் இல்லை. அத்தகையார் தாமே அனைத்தையும் இறக்கி வைத்துப் பேரூர் மடத்து வாயிலில் வந்து நின்றார். அவரை ஏற்றுக்கொண்ட ஆசிரியர் கையில் நூல்களன்றிப் பிறிதோர் ஆற்றல் இல்லை.

அடிகள் பேரூரிலேயே சிவக்கலப்புற்றனர். அவர் சமாதி திருமடத்துட் கோயிலாக வழிபடப்பெறுகின்றது. அம்மடத்தின் சார்பிற் பின்னாளில் தமிழ்க் கல்லூரி ஒன்றும் எழுந்தது. சிதம்பர சுவாமிகள் உரையோடு கொலை மறுத்தலைப் பாடங் கேட்க விரும்புவார், பட்டிப்பெருமானை வழிபட்டு அங்குச் செல்வாராக.