ஒளியை மருந்தாக்கிய ஃபின்சன்

நம் வயதில் முகப்பருவுக்கு அஞ்சாதவர் யார்? நீல ஒளியைக் காட்டிப் பருவைத் தணிக்கும் சிகிச்சை ஒன்று உண்டென அறிந்து, அதன் வேரைத் தேடினேன். அது நீல்ஸ் ரைபெர்க் ஃபின்சனிடம் என்னைக் கொண்டு சேர்த்தது.

வட அட்லாண்டிக்கில், டென்மார்க்குக்குரிய ஃபாரோ தீவுகளில் 1860 டிசம்பர் 15இல் பிறந்தவர் அவர். ஐஸ்லாந்தில் பள்ளிப் படிப்பை முடித்தபோது 15 பேரில் 11ஆம் இடம். (கடைசி வரிசை நண்பர்கள் கவனிக்க!) பின்னர் கோபன்ஹேகனில் மருத்துவம் பயின்றார். மாணவப் பருவத்திலேயே நோய் பற்றிக்கொண்டது. இதயமும் கல்லீரலும் கெட்டு, வயிற்றில் நீர் கோத்தது. வெயிலில் இருந்தால் உடல் சற்றே தேறுவதாக உணர்ந்தவர், காரணத்தை ஆராயத் தொடங்கினார்.

பெரியம்மைக்குச் சிவப்பு ஒளி நல்லதென்று 1893இல் எழுதினார், அது நிலைக்கவில்லை. அவருக்குப் புகழ் தந்தது லூபஸ் வல்காரிஸ் என்னும் தோல் காசநோய். மூக்கையும் கன்னத்தையும் அரித்து, மனிதரை வீட்டுக்குள் பதுங்க வைத்த கொடுநோய் அது. 1895இல் கார்பன் வில்விளக்கின் ஒளியைக் குவித்து ஒரு நோயாளியின் முகத்தில் பாய்ச்சினார், அவர் குணமடைந்தார். மறு ஆண்டே ஒளி மருத்துவ நிலையம் எழுந்தது. குருதி ஒளியைத் தடுக்குமாதலால், உள்ளே நீர் ஓடும் படிகக்கல் வில்லையால் செவிலியர் தோலை அழுத்திப் பிடித்திருப்பார்கள். தினமும் ஒரு மணி நேரம், மாதக்கணக்கில்! அச்செவிலியரின் பொறுமைக்கும் ஒரு பரிசு கொடுத்திருக்கலாம்.

புறஊதாக் கதிரே கிருமியைக் கொல்கிறதென அவர் நம்பினார். அவருடைய பழைய கருவிகளை 2005இல் சோதித்தவர்களோ, குறுகிய புறஊதாக் கதிர்களை வில்லைகளே தடுத்துவிட்டன என்றார்கள். கிருமியிலுள்ள போர்ஃபிரின் என்னும் பொருள் நீல ஒளியை ஏற்று, வீரியமிக்க ஆக்சிஜனை உண்டாக்கிக் கிருமியை அழித்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. பருவை வளர்க்கும் கிருமியிலும் போர்ஃபிரின் உண்டு. நீல விளக்கு குறிவைப்பதும் அதையே. பலன் ஆளுக்கு ஆள் மாறும். இதைப் படித்துவிட்டு யாரும் உச்சிவெயிலில் முகத்தைக் காட்டி நிற்க வேண்டா. தோல் கருகுவதுதான் மிச்சமாகும்.

1903இல் நோபல் பரிசு வந்தது. பெறச் செல்ல உடல் இடம் தரவில்லை. பரிசுப் பணத்தில் ஒரு பகுதியைத் தம் நிலையத்துக்கே அளித்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தம் உடலில் உப்பு தேங்குவதை அளந்து 1904இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டு செப்டம்பர் 24இல், 43ஆம் வயதில் காலமானார்.