நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தை உருவாக்கிய ஹாரி பக் யார்?

சென்னை புத்தகக் காட்சிக்குப் போனவங்களுக்கு நந்தனம் ஒய்எம்சிஏ மைதானம் நல்லாவே தெரியும். ஆனால், புத்தகம் விற்பதற்காகவோ பொதுக்கூட்டம் நடத்துவதற்காகவோ உருவான இடமில்லை அது. உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரியின் வளாகம். அந்தக் கல்லூரியைத் தொடங்கியவர் அமெரிக்காவிலிருந்து வந்த ஹாரி குரோ பக். விளையாட்டையும் கிறிஸ்தவ விசுவாசத்தையும் ஒரே வேலையாகப் பார்த்தவர்.

எங்கிருந்து வந்தார்?

1884-ல் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்எம்சிஏ கல்லூரியில் படித்தார். கூடைப்பந்து பிறந்த இடம் அதுதான். 1891-ல் அந்த விளையாட்டைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தும் இறையியல் படித்தவரே. உடல், மனம், ஆன்மா மூன்றும் சேர்ந்தால்தான் முழு மனிதன் என்பது அங்கே பாடம். ஒய்எம்சிஏ சின்னத்தில் இருக்கும் முக்கோணத்தின் அர்த்தமும் அதுதான்.

இந்த எண்ணம் புதுசு இல்லை. கொரிந்து நகரத்தில் இருந்த கிறிஸ்தவர்களுக்குப் பவுல் எழுதிய கடிதத்திலேயே ஓட்டப்பந்தய வீரர்கள் வருகிறார்கள். வாடிப்போகும் இலைக் கிரீடத்துக்காக அவர்கள் அத்தனை கட்டுப்பாட்டோடு பயிற்சி எடுக்கிறார்கள். வாடாத கிரீடத்தைத் தேடுபவர் எவ்வளவு உழைக்க வேண்டும் என்பது அவர் வைத்த வாதம். கொரிந்துக்குப் பக்கத்திலேயே அப்போது பெரிய விளையாட்டு விழா நடந்ததால், படித்தவர்களுக்கு அது சட்டென்று புரிந்திருக்கும்.

சென்னையில் என்ன செய்தார்?

1919-ல் மெட்ராஸ் வந்தார். அப்போது பள்ளிகளில் டிரில் சொல்லிக்கொடுத்தவர்களில் பலர் ஓய்வுபெற்ற ராணுவத்தினர். விளையாட்டைக் கற்பிக்கவும் முறையான படிப்பு வேண்டும் என்று நினைத்த பக், 1920-ல் விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். மனைவி மேரி பக்கும் கூடவே உழைத்தார். 1930-களில் பள்ளி அடையாற்றின் கரைக்கு, இன்றைய நந்தனம் வளாகத்துக்கு இடம் மாறியது. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்ற பெயர் இதற்கு உண்டு.

மிஷனரி என்றால் பிரசங்கம் செய்பவர் என்றுதான் நமக்குத் தோன்றும். பக்கின் ஊழியம் மைதானத்தில் நடந்தது. எல்லா மதத்தவரும் அவரிடம் படித்தார்கள். படித்து முடித்தவர்கள் ஆசிரியர்களாக நாடு முழுவதும் போனார்கள்.

பாரிஸில் 2 பாதைகள்

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் 8 தடகள வீரர்களுக்கு மேலாளராகப் போனவர் பக். தடை ஓட்டத்தில் கலந்துகொண்ட சி.கே.லட்சுமணனும் அந்த அணியில் இருந்தார். பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால், 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானதற்குப் பின்னால் தோராப்ஜி டாடாவோடு பக், நோரென் ஆகிய ஒய்எம்சிஏ-காரர்களின் உழைப்பும் இருந்தது.

அதே பாரிஸில் இன்னொரு கிறிஸ்தவரும் பேசப்பட்டார். 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால், ஸ்காட்லாந்து வீரர் எரிக் லிடல் அதில் ஓட மறுத்துட்டார். பிறகு 400 மீட்டரில் 47.6 விநாடியில் தங்கம் வென்றார். அடுத்த ஆண்டே மிஷனரியாகச் சீனாவுக்குப் போனவர், 1945-ல் ஜப்பானியர்களின் தடுப்பு முகாமில் இறந்தார்.

லிடலின் கதையை உலகமே அறியும், சினிமாவாகவும் வந்துவிட்டது. பக்கின் கதையில் அப்படி ஒரு திருப்பம் கிடையாது. தினமும் மைதானத்துக்கு வந்து, ஒவ்வொரு வருஷமும் புது மாணவர்களுக்கு அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுப்பதுதான் அவர் வாழ்க்கை. ஒரு விளையாட்டு வீரரின் பயிற்சியும் அப்படித்தானே? கைதட்டல் கிடைப்பது ஒரு நாள்; யாரும் பார்க்காத நாட்கள்தான் அதிகம். 24 ஆண்டுகள் இப்படி உழைத்த பக், 1943-ல் மெட்ராஸிலேயே காலமானார்.

அவர் தொடங்கிய வேலை முடிந்துவிட்டதா? இன்றும் பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வது நம்ம பள்ளிகளில் சகஜம். விளையாட்டும் படிப்புதான் என்று நம்பி ஒரு மனிதர் தன் வாழ்க்கையையே கொடுத்த ஊர் இது. அடுத்த முறை நந்தனம் மைதானத்தைக் கடக்கும்போது அதை நினைத்துக்கொள்ளலாம்.