கழன்ற தோளைத் தைத்தவர்

ஒருமுறை கழன்ற தோள், பலருக்கு மறுபடியும் கழலும். பந்தெறியக் கையை ஓங்கினால் போதும். சிலருக்குத் தூக்கத்தில் புரண்டாலே போதும்.

இதற்கு விடை தேடிய ஆர்தர் பேங்கார்ட், 1879-இல் இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரில் பிறந்தவர். லண்டன் கைஸ் மருத்துவமனையில் பயின்று எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணரானார்.

மூட்டுறை தளர்வதே காரணம் என அப்போது பலர் நம்பினர். அதைச் சுருக்கித் தைத்தனர். பேங்கார்ட் தோளைத் திறந்து கண்ணால் பார்த்தார். கை எலும்பின் உருண்டைத் தலை, ஆழமில்லாத ஒரு குழியில்தான் பொருந்தியிருக்கிறது. அந்தக் குழியின் விளிம்பைச் சுற்றி வளையம்போல் ஒரு திசு உண்டு. அதன் முன்பகுதி எலும்பிலிருந்து பிய்ந்து கிடந்தது. பிய்ந்ததை எலும்போடு சேர்த்துத் தைக்க வேண்டும் என்று 1923-இல் எழுதினார்.

ஜெர்மனியின் பெர்த்தெஸ் 1906-லேயே ஏறக்குறைய இதைத்தான் சொல்லியிருந்தார். பெயர் நிலைத்ததோ பேங்கார்ட்டுக்கு. கொஞ்சம் அநியாயம்தான்! ஆனாலும் 1938-இல், தாம் தைத்த 27 தோள்களில் ஒன்றுகூட மீண்டும் கழலவில்லை என்று காட்டியவர் அவர்.

1951-இல் மறைந்தார். அவர் அகலத் திறந்து போட்ட தையலை இன்று சிறு துளைகள் வழியே கேமராவை நுழைத்து, எலும்பில் குட்டி முளைகளைப் பதித்துப் போடுகிறார்கள். குழியின் எலும்பே பெரிதும் தேய்ந்துபோனவர்களுக்கு மட்டும் அந்தத் தையல் போதுவதில்லை.