கயிற்றைத் தடுத்த கை

1915, ஜூன் 21. அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஜார்ஜியா மாநிலம். மறுநாள் ஒருவனைத் தூக்கிலிட நாள் குறித்தாகிவிட்டது. நீதிமன்றங்கள் கைவிரித்துவிட்டன. தெருவெல்லாம் திரண்ட கூட்டம் அவன் உயிரைக் கேட்கிறது. மாநிலத்தின் கவர்னர் பேனாவை எடுக்கிறார். தூக்குத் தண்டனையை ஆயுள் தண்டனையாக மாற்றிக் கையெழுத்திடுகிறார். அந்தக் கையெழுத்தோடு அவருடைய அரசியல் வாழ்வும் முடிந்தது.

அவர்தான் ஜான் ஸ்லேட்டன்.

1866-இல் ஜார்ஜியாவில் பிறந்தவர். மாநிலப் பல்கலைக் கழகத்தில் பயின்றார். தலைநகரான அட்லாண்டாவில் வழக்கறிஞரானார். சட்டசபைக்குச் சென்றார், கீழ்ச்சபைக்குத் தலைவரானார், மேல்சபைக்கும் தலைவரானார், 1913-இல் கவர்னரானார். அங்கே கவர்னர் என்பவர் மேலிடத்தார் அனுப்பிவைக்கும் அலங்காரப் பதவியாளர் அல்லர். மக்கள் வாக்கைப் பெற்று மாநிலத்தை ஆள்பவர். வாக்களித்தவர்களே பகைவர்களாவார்கள் என்று தெரிந்தும் எப்படித் துணிந்தார்? அதை அறிய, அந்த மாநிலம் யூதர்களை நடத்திய கதையைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

1733-இல் ஆங்கிலேயர் ஜார்ஜியாக் குடியேற்றத்தை அமைத்த சில மாதங்களிலேயே 42 யூதர்கள் சவான்னா துறையில் வந்திறங்கினார்கள். லண்டனிலிருந்த நிர்வாகிகளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் குடியேறியவர்கள் காய்ச்சலால் மடிந்துகொண்டிருந்த நேரம். வந்தவர்களில் ஒரு மருத்துவர் இருந்தார். பல உயிர்களைக் காத்தார். குடியேற்றத் தலைவர் ஓகில்தார்ப் அவர்களைத் தங்கவிட்டார். நோய் வந்தபோது யூதன் வேண்டியவனானான். 1862-இல் உள்நாட்டுப் போரின்போது விலைவாசி ஏறியதும் வேண்டாதவனானான்! தாமஸ்வில் என்ற ஊரில் கூட்டம் போட்டு, ஜெர்மானிய யூத வணிகர்கள் வெளியேறவேண்டும் என்று தீர்மானமே நிறைவேற்றினார்கள். துன்பம் வரும்போதெல்லாம் பழி சுமக்க ஒரு முதுகு தேவைப்பட்டது.

1913, ஏப்ரல் 26. அட்லாண்டாவில் பென்சில் தொழிற்சாலையில் வேலை பார்த்த 13 வயதுச் சிறுமி மேரி பேகன், தனக்குச் சேரவேண்டிய ஒரு டாலர் இருபது சென்ட் கூலியை வாங்கிவரப் போனாள். திரும்பவில்லை. மறுநாள் விடியுமுன் ஆலையின் நிலவறையில் பிணமாகக் கண்டார்கள். பள்ளிக்குப் போகவேண்டிய வயதில் ஆலைக்குப் போன குழந்தை! ஏழைகளின் நெஞ்சு கொதித்தது. நியாயமான கொதிப்பு! அது சிறுவரைக் கசக்கிப் பிழியும் முறையின்மீது பாய்ந்திருக்கவேண்டும். ஆனால் ஒரு யூதன்மீது திருப்பிவிட்டார்கள்.

ஆலையின் மேற்பார்வையாளர் லியோ பிராங்க், நியூயார்க்கில் வளர்ந்த 29 வயது இளைஞர். யூதர், வடக்கத்தியார், முதலாளி பக்கத்து ஆள். மூன்று பழிகள் ஒரே தலையில்! முக்கிய சாட்சி, ஆலையைக் கூட்டும் தொழிலாளி ஜிம் கான்லி. அவன் தன் வாக்குமூலத்தை ஒருமுறைக்கு மேல் மாற்றினான். அவன் நீக்ரோ இனத்தவன் என்பதையே காட்டிப் பிராங்கின் வக்கீல்கள் இழிமொழி பேசினார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது. ஒரு வெறியை எதிர்க்க இன்னொரு வெறியைத் துணைக்கழைத்தது அவர்கள் செய்த பிழை.

நீதிமன்றச் சன்னலுக்கு வெளியே கூட்டம் ஆர்ப்பரித்தது. தீர்ப்பு நாளன்று குற்றவாளிக் கூண்டில் பிராங்க் இல்லை. விடுதலை என்று தீர்ப்பு வந்தால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்ற அச்சத்தால் அவரைக் கொண்டுவரவில்லை! ஆகஸ்ட் 25-இல் குற்றவாளி என்றனர். மறுநாள் தூக்கு என்றனர். மேல்முறையீடுகள் தோற்றன. 1915 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் கைவிட்டது.

இடையே நெருப்பில் நெய் ஊற்றினார் டாம் வாட்சன். யார் இவர்? ஒரு காலத்தில் ஏழை உழவர்களின் தலைவர். வெள்ளை உழவனும் கருப்பு உழவனும் ஒன்றுபடவேண்டும் என்று முழங்கியவர். அதே மனிதர் தம் வார ஏட்டில் யூத வெறுப்பைக் கக்கினார். ஏடு மளமளவென்று விற்றது. பிராங்கைச் சாகவிட்டால் செனட் பதவிக்குத் துணை நிற்பதாக ஸ்லேட்டனுக்கு அவர் ஆசை காட்டியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

ஸ்லேட்டனுக்குத் தப்பும் வழி இருந்தது. பதவிக்காலம் முடிய ஐந்தே நாட்கள்! தூக்கைச் சற்றுத் தள்ளிவைத்திருந்தால் பாரம் அடுத்த கவர்னரின் தோளுக்குப் போயிருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. பத்தாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட ஏடுகளைப் படித்தார். ஆலைக்கே சென்று பார்த்தார். பிணத்தை லிப்டில் இறக்கியதாகக் கான்லி சொல்லியிருந்தான். அன்று காலை லிப்டுக் குழியில் தான் மலம் கழித்ததாகவும் அவனே ஒப்புக்கொண்டிருந்தான். லிப்டு அடித்தளம்வரை இறங்கினால் தரையில் முட்டும். ஆனால் போலீசார் முதலில் வந்தபோது அது நசுங்காமல் கிடந்தது. பிறகு லிப்டை இயக்கியபோதுதான் நசுங்கியது. அப்படியானால் முதல் நாள் பிணம் லிப்டில் இறங்கியது எப்படி? வழக்கின் தூணே ஆடியது!

ஒரு குறையும் சொன்னார்கள். பிராங்கின் தலைமை வக்கீல், ஸ்லேட்டனின் வழக்கறிஞர் நிறுவனத்தில் பங்காளி. அது உண்மைதான். பகைவர் அதைச் சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் கையெழுத்திட்டார்.

கொடும்பாவி எரிந்தது. ஆயுதம் தாங்கிய கூட்டம் அவர் மாளிகையை நோக்கிப் பாய்ந்தது. மாநிலப் படை வந்து காத்தது. பதவிக்காலம் முடிந்ததும் மனைவியோடு மாநிலத்தைவிட்டே வெளியேறினார்.

காப்பாற்றிய உயிராவது நிலைத்ததா? இல்லை. ஆகஸ்ட் 16 இரவு ஒரு கும்பல் மில்லெட்ஜ்வில் சிறைப் பண்ணையில் புகுந்து பிராங்கைக் கடத்தியது. மறுநாள் காலை மாரியெட்டா அருகே மரத்தில் தொங்கவிட்டது. கும்பலில் இருந்தவர்கள் குடிகாரர்களா? இல்லை, ஊர்ப் பெரியவர்கள்! முன்னாள் கவர்னர் ஒருவரும் இச்சதியில் இருந்தார். ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. பிணத்தின் படத்தை அஞ்சலட்டையாக அச்சிட்டு விற்றார்கள். அதே ஆண்டு நவம்பரில், அட்லாண்டாவுக்கு அருகே கூ கிளக்ஸ் கிளான் புத்துயிர் பெற்றது. யூதனுக்குக் கட்டிய கயிறு நீக்ரோவுக்கும் கத்தோலிக்கனுக்கும் நீண்டது. 1958-இல் அட்லாண்டா யூதத் திருக்கோயிலில் குண்டும் வெடித்தது.

வழக்கை நடத்திய அரசு வக்கீல் டார்சி கவர்னரானார். வாட்சன் 1920-இல் செனட்டராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஸ்லேட்டனோ பின்னர் ஊர் திரும்பி வக்கீல் தொழில் பார்த்தார். மீண்டும் எந்தத் தேர்தலிலும் வெல்லவில்லை. 1955-இல் மறைந்தார். ஆலையில் அன்று எடுபிடியாக இருந்தவர் 1982-இல், முதுமையில் வாய் திறந்தார்: சிறுமியின் உடலைத் தூக்கிச் சென்றவன் கான்லி, தனியாகத்தான் சென்றான். 1986-இல் ஜார்ஜியா மன்னிப்பு வாரியம் பிராங்குக்கு மன்னிப்பு அளித்தது. அப்போதும் அவர் குற்றமற்றவர் என்று சொல்லவில்லை. அவரைக் காக்க அரசு தவறியதை மட்டும் ஒப்புக்கொண்டது.

பதவி பெற்றவர்கள் வென்றார்களா, பதவி இழந்தவர் வென்றாரா? ஏழையின் கண்ணீரைக் காட்டி இன வெறியை வளர்ப்பவன், ஏழைக்கும் துரோகி. மேரி பேகனுக்கு நீதி கிடைத்ததா? ஆலையில் வாடிய மற்றக் குழந்தைகளுக்கு ஒரு சென்ட்டாவது கூலி கூடியதா? வெறிக்கு இரைதான் கிடைத்தது. மக்கள் வாக்கால் ஆள்பவனுக்கு மக்களை எதிர்த்து நிற்கவேண்டிய நாளும் ஒன்று வரும். அந்த நாளில் நடுங்காத கை எது என்பதையே வரலாறு குறித்துக்கொள்கிறது.